அப்பா இறங்காத ஸ்டேஷன்

நகரப் பேருந்து ஓட்டுநர் வேலையிலிருந்து சின்னவள் ஓய்வு பெற்றபோது, அவளுக்கு என்ன பரிசு கொடுப்பது என்பதில் டிப்போ இரண்டாகப் பிரிந்து நின்றது. சுவர்க் கடிகாரம் கொடுக்கலாம் என்றது ஒரு கட்சி. கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் இத்தனை வருஷம் ஓட்டினாள், இனிமேலுமா என்றது எதிர்க்கட்சி. கடைசியில் மெக்கானிக்தான் பேச்சை முடித்து வைத்தார்.

“ஆயுசு பூரா நம்மள எல்லாம் உட்கார வெச்சு ஓட்டினவங்க. ஒரு ராத்திரியாவது இன்னொருத்தர் ஓட்ட, அவங்க காலை நீட்டிப் படுத்துக்கிட்டுப் போகட்டுமே.”

அப்படித்தான் பழைய படுக்கை ரயிலுக்கு இரண்டு டிக்கெட்டுகள் அவள் கைக்கு வந்தன. யார்டில் துருப்பிடித்துக் கிடந்த அந்தக் காலத்துப் பெட்டிகளை ரயில் பைத்தியங்கள் சிலர் கூடித் தேய்த்து, வார்னிஷ் பூசி, மாதத்துக்கு ஒரு தடவை ராத்திரிப் பயணம் விட்டுக்கொண்டிருந்தார்கள். டிக்கெட்டில் போட்டிருந்த வழித்தடத்தைப் பார்த்ததும் சின்னவள் அதை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தாள். அவள் வளர்ந்த ஊரில் கிளம்பி, துறைமுக ஊர் வழியாக, மலையடிவாரத்தில் முடிகிற அதே பாதை.

கணவரைக் கூப்பிட்டாள். அவர் ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

“வீட்டுக் கட்டில்லயே எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது. ஓடுற கட்டில்ல எங்கேருந்து வரும்? உங்க அக்காவைக் கூட்டிட்டுப் போ.”

அக்கா இன்னும் அந்த ஊரிலேயேதான் இருந்தாள். கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை. காய்ச்சலில் படுத்தால்கூடக் கடையைப் பூட்டாத ஆள். சின்னவள் அவளைப் போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

“துறைமுகம் வழியாவா போகுது?” என்று கேட்டாள் அக்கா.

“ஆமா. அதே லைன்தான்.”

“சரி. கடைய மூடிட்டு வர்றேன்.”

அந்த வார்த்தையை அக்காவின் வாயிலிருந்து சின்னவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

பயண நாள் சாயங்காலம் பிளாட்பாரத்தில் வண்டி வந்து நின்றது. கரும்பச்சைப் பெட்டி. கதவுக் கைப்பிடி பித்தளை. உள்ளே ஏறியதும் ஒரு பக்கம் நீளமான நடைவழி, மறுபக்கம் வரிசையாக அறைகள். நாலு படுக்கை கொண்ட அறை அவர்களுக்கு. மேலே இரண்டும் காலி. மரச்சுவரில் தேன்நிறம் ஏறியிருந்தது. ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கத் தோல்பட்டை, தலைமாட்டில் சாமான் போட்டுக்கொள்ள வலைப்பை, சுவரோடு மடங்கிக்கொள்ளும் முகம் கழுவும் தொட்டி. மூலையில் ராத்திரிக்கென்று நீல பல்பு. புதிய வார்னிஷ் வாசனைக்கு அடியில், கஞ்சி போட்ட விரிப்பின் பழைய வாசனை எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது.

அக்கா தொட்டியை இழுத்துப் பார்த்தாள். அது பாதியில் சிக்கிக்கொண்டு, பிறகு தடாலென்று விழுந்தது.

“இது மட்டும் மாறவே இல்ல,” என்றாள். அப்புறம்தான் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது.

அவர்கள் சின்னப் பெண்களாக இருந்தபோது, ஒவ்வொரு பள்ளி லீவுக்கும் இந்த வண்டியில்தான் அப்பா ஊருக்குப் போனார்கள். அம்மாவையும் அப்பாவையும் சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் என்று சொல்ல முடியாது. சேர்ந்திருந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. அம்மா பெண்களுக்கு முடி திருத்தும் கடை வைத்திருந்தாள். அப்பாவுக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை கிடைத்தபோது, “நீங்க முன்னாடி போங்க. கடை கொஞ்சம் காலூன்றட்டும், நான் பின்னாடியே வர்றேன்” என்றாள். கடை காலூன்றியது. அம்மாவும் அதோடு சேர்ந்து ஊன்றிக்கொண்டாள். முதலில் வாராவாரம் வந்துபோன அப்பா, பிறகு மாதத்துக்கு ஒரு தடவை வந்தார். ஏதோ ஒரு நாள் வார்த்தை தடித்துப்போய், அதன் பிறகு வருவதே நின்றுவிட்டது. வீட்டில் அப்பாவைப் பற்றி அம்மா ஒரு குறையும் சொல்ல மாட்டாள். அங்கே அம்மாவைப் பற்றி அப்பாவும் வாய் திறக்க மாட்டார். இரண்டு வீட்டிலும் பிள்ளைகள்தான் வார்த்தையை அளந்து பேசினார்கள்.

அளக்காமல் பேசக் கிடைத்த இடம் இந்த ரயில் அறை ஒன்றுதான். சாயங்காலம் அம்மா ஏற்றிவிடுவாள். பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர் ஒருவர் உண்டு. கம்பளி கொடுப்பவர் என்பதால் இவர்களுக்கு அவர் கம்பளி மாமா. “புள்ளைங்களப் பார்த்துக்கங்க” என்று அம்மா சொல்வாள். “என் புள்ளைங்க மாதிரி” என்று அவர் சொல்வார். வண்டி கிளம்பியதும் உள்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு அக்கா அந்த அறைக்கு எஜமானி ஆகிவிடுவாள். மேல் படுக்கைதான் மாடி. கீழே கூடம். ரொட்டியையும் அவித்த முட்டையையும் விரித்து வைத்து, இது நம்ம வீடு, இங்கே யாரும் யார்கிட்டயும் கோபிக்கக் கூடாது என்று சட்டம் போடுவாள். சின்னவள் ஏணியில் ஏறி ஏறி இறங்குவாள். விடியப்போகும் நேரத்தில் கம்பளி மாமா கதவைத் தட்டுவார். அப்பா பிளாட்பாரத்தில் ஸ்வெட்டரோடு நின்றுகொண்டிருப்பார். வீடு கலைந்துவிடும்.

அக்காவுக்குப் பதினொன்று, சின்னவளுக்கு எட்டு நடந்த வருஷம், ஒரு லீவுப் பயணத்தில் ராத்திரி பாதியில் அக்கா திடீரென்று எழுந்து உட்கார்ந்தாள்.

“நாம இறங்க வேணாம்,” என்றாள்.

“அப்பா நிப்பாரே.”

“நிக்கட்டும். இந்த வண்டி எங்க போய் முடியுதுன்னு பார்க்கலாம்.”

அக்கா சொன்னால் சின்னவளுக்கு அதற்கு மேல் கேள்வி கிடையாது. விடியலில் கம்பளி மாமா தட்டியதும் சமத்தாக எழுந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடைவழியில் நடந்தார்கள். அவர் ஒரு கிழவருடைய இரும்புப் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். “வர்றோம் மாமா” என்றாள் அக்கா. “பத்திரம்மா” என்று அவர் திரும்பாமலே சொன்னார். கதவுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த அறைக்குள் இரண்டு பேரும் நழுவி, படுக்கைக்குக் கீழே புகுந்துகொண்டார்கள். வண்டி நகர்ந்தபோது சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிளாட்பாரத்தில் அப்பா பெட்டி பெட்டியாக ஓடிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது.

வண்டி போய் முடிந்த இடத்தில் மத்தியானம் அவர்களை ஸ்டேஷன் மாஸ்டர் பிடித்துவிட்டார். அதற்குள் தந்தியும் போனுமாக லைன் முழுக்க அமளி. அப்பா ஒரு சரக்கு லாரியில் தொற்றிக்கொண்டு சாயங்காலம் வந்து சேர்ந்தார். அடிப்பார் என்று நினைத்தார்கள். அவர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு பேரையும் இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு, வெகுநேரம் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அம்மா மறுநாள் மத்தியான வண்டியில் வந்தாள். கடையில் சேதி கிடைத்தபோது ஒரு டீச்சரம்மாவுக்குப் பாதித் தலை வெட்டியிருந்தாளாம். மீதியை அப்படியே விட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடியவள், வெட்டும்போது போட்டிருந்த அங்கியைக்கூடக் கழற்றவில்லை. அதன் பையில் கத்தரிக்கோலும் சீப்பும் இருந்தன. டீச்சரம்மா அந்த வாரம் முழுக்கத் தலையில் துணி கட்டிக்கொண்டு பாடம் நடத்தியதாகப் பின்னால் தெரிந்தது.

“இந்த லீவு இதோட போதும். ரெண்டு பேரும் வீட்டுக்குக் கிளம்புங்க,” என்றாள் அம்மா. அப்பா மறுபேச்சுப் பேசவில்லை. அவர் ஊர் நடுவழியில் என்பதால் அதுவரைக்கும் சேர்ந்து போவது என்று முடிவானது. அன்று ராத்திரி திரும்புகிற வண்டியில், அதே நாலு படுக்கை அறையில், நாலு பேரும் ஏறினார்கள். கம்பளி மாமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். அவருக்கு மேலிடத்தில் நல்ல திட்டு விழுந்திருந்தது. நாலு கம்பளியைப் படுக்கைக்கு ஒன்றாகப் போட்டவர், நாலு பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கோபத்தைப் பாதியில் தொலைத்தவர் போலக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

அந்த ராத்திரியைச் சின்னவள் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள். மேல் படுக்கையில் அவள், எதிர் மேல்படுக்கையில் அக்கா, கீழே அம்மாவும் அப்பாவும். தூக்கத்துக்கு நடுவே அம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது. வீட்டில் அம்மா அப்படிச் சிரித்து அவள் கேட்டதில்லை. பிறகு வண்டி துறைமுக ஊரில் நின்றது. விளக்கு வெளிச்சம் அறைக்குள் சரிந்தது. அப்பா இறங்கிவிடுவார் என்று, எதுவும் கேட்காதபடி கம்பளியைத் தலையோடு இழுத்துக் காதைப் பொத்திக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். விசில் ஊதியது. வண்டி நகர்ந்தது. எட்டிப் பார்த்தால், அப்பா கீழ் படுக்கையில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

காலையில் அவள் கண் விழித்தபோது பார்த்தது இன்னும் அதிசயம். அப்பா கழுத்தைச் சுற்றித் துண்டு. ஆடுகிற வண்டியில் கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டு, அம்மா அவருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தாள். “அசையாதீங்க.” “நான் எங்க அசையறேன், வண்டில்ல அசையுது.” காதோரம் வெட்டும்போது மட்டும் வண்டி எங்காவது நிற்கட்டும் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள். தரையெல்லாம் முடி. கம்பளி மாமா எட்டிப் பார்த்து, “என் சர்வீஸ்ல இதையும் பார்த்தாச்சு” என்று விளக்குமாறு எடுக்கப் போனார்.

அவ்வளவுதான், எல்லாம் சரியாகிவிட்டது என்று சின்னவள் முடிவு செய்துவிட்டாள். ஆனால் ஊர் வந்ததும் அப்பா பிளாட்பாரத்திலேயே நின்றுகொண்டார். நாலு பேரும் காபி குடித்தார்கள். அப்பா அவள் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு, எதிர்ப்பக்கம் நின்ற வண்டியில் ஏறித் திரும்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகும் லீவுகள் வந்தன, போய் வந்தார்கள். நாலு பேரும் ஒரே கூரைக்குக் கீழே தூங்கியது அந்த ஒரு ராத்திரியோடு சரி.

இப்போது அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. அக்கா எதிரே கீழ் படுக்கையில் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றாமலே படுத்திருந்தாள். நீல பல்பு எரிந்தது. தண்டவாளச் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. வண்டி மெல்ல வேகம் குறைந்து, பெருமூச்சு விட்டு நின்றது. சின்னவள் ஜன்னல் மறைப்பை விலக்கிப் பார்த்தாள். துறைமுக ஊர். அந்தக் காலத்தில் விடியலில் வந்த ஊர், நடுவில் எங்கும் நிற்காததால் இப்போது நடுராத்திரிக்கே வந்துவிட்டது. பிளாட்பாரம் புதிதாக இருந்தது. காற்றில் மட்டும் அதே உப்பு.

“உனக்கு இன்னும் அவர் மேல கோவமா?” என்றாள் அக்கா இருட்டிலிருந்து.

“யார் மேல?”

“இந்த ஊர்க்காரர் மேலதான்.”

சின்னவள் கொஞ்சம் யோசித்தாள். “கோவம்னு இல்லக்கா. மனசு ஆறல. இறங்க வேண்டிய இடத்துல இறங்காம நம்மகூட வந்தார். வந்தவர் அப்படியே தங்கியிருக்கலாம் இல்ல? காபியக் குடிச்சிட்டு அடுத்த வண்டியில போயிட்டார். அதுக்கு ராத்திரியே இறங்கிப் போயிருக்கலாம். நானும் ஆசைப்பட்டிருக்க மாட்டேன்.”

“அவர் இறங்கத்தான் போனார்,” என்றாள் அக்கா. “பையக்கூட எடுத்துட்டார். அம்மாதான் நிறுத்தினாங்க.”

“என்னக்கா சொல்றே?”

“நீ தூங்கிட்டே. நான் தூங்கவே இல்ல. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் படுத்திருந்தேன்.” அக்கா எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். “அப்பா கேட்டார். பேசாம மூணு பேரும் எங்கூட இறங்கிடுங்க, கடைய இங்க வெச்சுக்கலாம், இந்த ஊர்லயும் பொம்பளைங்களுக்கு முடி வளரத்தான் செய்யுதுன்னார். அதுக்குத்தான் அம்மா சிரிச்சது.”

“அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்டுது.”

“அதுக்கப்புறம் நடந்தது உனக்குக் கேட்கல. அம்மா சிரிச்சு முடிச்சாங்க. அப்புறம், என்னால முடியாதுங்கன்னாங்க. அந்தக் கடையில நான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல, இங்க வந்தா நாள் பூரா ஜன்னல்ல நின்னு உங்க கிரேனைப் பார்த்துக்கிட்டிருப்பேன், கொஞ்ச நாள்ல உங்களையே பிடிக்காமப் போயிடும்னாங்க.”

“அவரு?”

“அப்ப நான் அங்க வந்துடறேன்னார். வந்து என்ன பண்ணுவீங்க, கடையில முடி பெருக்குவீங்களான்னு அம்மா கேட்டாங்க. பெருக்குவேன்னார். ஒரு மாசம் பெருக்குவீங்கன்னாங்க.” அக்காவின் குரலில் சிரிப்பும் இருந்தது, வேறு ஏதோவும் இருந்தது. “அம்மா சொன்னது சரின்னு அவருக்கே தெரிஞ்சுபோச்சு போல. அப்புறம் வண்டி இங்க வந்து நின்னுது. அவர் செருப்பை மாட்டிக்கிட்டுப் பையத் தூக்கினார். கதவுகிட்டப் போயிட்டார். அப்பத்தான் அம்மா சொன்னாங்க. இறங்க வேணாம், ஊர் வர்ற வரைக்கும் இருங்கன்னு. எதுக்குன்னு கேட்டார். எதுக்கும் இல்ல, புள்ளைங்க கண் முழிக்கறப்போ நாலு பேரும் இருக்கணும், ஒரு தடவையாவதுன்னாங்க.”

வெளியே யாரோ சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்துக்கொண்டு போனார்கள். சின்னவள் மறைப்பைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை.

“அம்மா வேணாம்னு சொன்னாங்களா,” என்றாள் கடைசியில்.

“வேணாம்னும் சொன்னாங்க. இருங்கன்னும் சொன்னாங்க. ரெண்டும் நிஜந்தான்.”

“இத்தனை வருஷமா ஏன் எங்கிட்ட சொல்லல?”

“எப்படிச் சொல்றது? நாம அம்மாகூட ஒரே வீட்ல இருந்தோம். சொல்லியிருந்தா அம்மாகிட்ட மல்லுக்கு நின்னிருப்பே.”

“நின்னிருப்பேன்தான்.”

“அம்மா போனப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அப்ப நீ அழுதுக்கிட்டு இருந்தே. அப்புறம் கடை, உன் டியூட்டி, அது இதுன்னு போயிடுச்சு. போன்ல சொல்ற விஷயமா இது?”

விசில் ஊதியது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. பிளாட்பாரத்து விளக்குகள் ஒவ்வொன்றாக அறைக்குள் நுழைந்து, அக்காவின் கண்ணாடியில் பட்டு, வெளியே போயின. சின்னவளுக்கு அழுகை வரும்போல இருந்தது, வரவில்லை. ஒரு மனிதர் வந்துவிட்டுப் போனார் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தாள். போக இருந்தவரை ஒருத்தி கூப்பிட்டு நிறுத்தினாள், அவரும் நின்றார் என்று நினைக்கும்போது கணக்கே வேறாக இருந்தது. அம்மாவின் மேல் கோபம் வருகிறதா என்று தேடிப் பார்த்தாள். வெட்டிய முடி தரையெல்லாம் கிடக்க, ஆடும் வண்டியில் கால் ஊன்றி நின்ற அம்மாதான் ஞாபகத்துக்கு வந்தாள். ஒருவரை அவ்வளவு கவனமாகத் தொட்டு நின்றவளிடம் என்னவென்று கோபிப்பது.

“அக்கா, உனக்கு ஒண்ணு தெரியாது,” என்றாள் சின்னவள்.

“என்ன?”

“நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல அப்பா ஒரு நாள் என் பஸ்ல ஏறினார்.”

அக்கா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். “எங்கிட்ட சொன்னதே இல்லையே.”

“யார்கிட்டயும் சொல்லல. சொல்லாம கொள்ளாம வந்து நின்னார், ஸ்டாப்ல. டிக்கெட் வாங்கி எனக்கு நேர் பின்னால உட்கார்ந்துட்டார். கண்ணாடியில அவர் முகம் தெரியுது. எங்க போறீங்கன்னு கேட்டேன். எங்கயும் இல்லம்மா, சும்மா, நீ ஓட்டுறதப் பார்க்கலாம்னுதான்னார். கடைசி ஸ்டாப் வரைக்கும் வந்தார், இறங்கல. திரும்பி இந்த முனைக்கு வந்தேன், இறங்கல. அன்னிக்கு ஷிப்ட் முடியற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார். நடுவுல கூட்டத்துல ஒரு கர்ப்பிணிக்கு இடம் கொடுத்துட்டுக் கம்பியப் பிடிச்சு நின்னுக்கிட்டு வந்தார்.”

“நீ பேசினியா?”

“ரொம்பப் பேசல. மனசுல அந்த ஆத்திரம் இருந்துது இல்ல.” சின்னவள் கம்பளி ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டாள். “ஆனா அக்கா, அன்னிக்கு நான் ஓட்டினேன் பாரு, அப்படி ஒரு நாளும் ஓட்டினதில்ல. பள்ளம் எங்க இருக்கு, வேகத்தடை எங்க இருக்குன்னு பார்த்துப் பார்த்து. பிரேக்கைக் காலால அமுக்கினேனா, விரலால தொட்டேனான்னு தெரியாது. கண்டக்டர் வந்து, இன்னிக்கு என்ன, கண்ணாடிச் சாமானா ஏத்தியிருக்கோம்னு கேட்டான்.”

அக்கா சிரித்தாள். கண்ணாடியைக் கழற்றி, கம்பளியில் துடைத்தாள்.

“இறங்கறப்போ என்ன சொன்னார்?”

“கிரேன்ல பெரிய பாரத்தைத் தூக்கினா, அது தரையத் தொடறதே தெரியாம இறக்கணும்மா, உனக்கு அந்தக் கை இருக்குன்னார். அவ்வளவுதான். தொப்பிய சரி பண்ணிக்கிட்டுப் போயிட்டார்.”

“போதுமே,” என்றாள் அக்கா. “அந்த மனுஷனுக்கு அது ரொம்ப.”

அதற்குப் பிறகு இரண்டு பேரும் தூங்கவில்லை. அக்கா அப்பாவின் சமையலைப் பற்றிப் பேசினாள். உப்பைத் தவிர எல்லாம் இருக்கும் என்றாள். சின்னவள் அம்மா கடைக்கு வந்துபோன பெண்களை ஒவ்வொருவராக நடித்துக் காட்டினாள். அம்மாவைப் பற்றியும் அப்பாவைப் பற்றியும் ஒரே மூச்சில், மாற்றி மாற்றி, யார் முகமும் கோணுமோ என்று பார்க்காமல் பேசிக்கொண்டு போவது அவர்களுக்கே புதிதாக இருந்தது. பக்கத்து அறையிலிருந்து யாரோ சுவரைத் தட்டினார்கள். சின்னவள் குரலைத் தாழ்த்தினாள். அக்கா தாழ்த்தவில்லை.

விடிந்தபோது மலை தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே வயல்களின் மேல் பனி படிந்திருந்தது. நடைவழியில் டீ கொண்டுவரும் தட்டின் சத்தம் கேட்டது. அக்கா தலையைப் பின்னிக்கொண்டே கேட்டாள்.

“அடுத்த மாசமும் இந்த வண்டி ஓடுதா?”

“ஓடுது. ஏன்? கடைய யார் பார்த்துக்கறது?”

“கண்ணு தெரியாதவங்க ஒரு நாள் தாமதமா வந்தா குடி முழுகிடாது,” என்றாள் அக்கா. “உன் வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வா. அவர் தூங்க வேணாம், நம்மகூட உட்கார்ந்து பேசட்டும்.”